குளவியை விரட்டும் முன் கூட்டைப் பாருங்கள்

வீட்டுக்கு வரும் குளவியை எப்படி விரட்டுவது என்று தேடினால் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி நம் ஊருக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. புதினா எண்ணெய் தெளியுங்கள், பழுப்புக் காகிதப் பையை ஊதிப் பொய்க்கூடாகத் தொங்கவிடுங்கள், வசந்த காலத்தில் ராணியைத் தேடிப் பிடியுங்கள் என்றெல்லாம் வருபவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் மஞ்சள்-கறுப்புக் குளவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் நெருங்கினால் கூடு முழுவதும் அழிந்துவிடும். பழைய ராணியும் வேலைக்காரக் குளவிகளும் இறந்துபோக, அந்த ஆண்டு பிறந்து இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் ஏதாவது ஒரு பொந்தில் குளிரைக் கழித்துவிட்டு, வெயில் வந்ததும் புதிதாகக் கூடு தொடங்கும். அதனால்தான் அங்கே வசந்தத்தில் ஒரு ராணியைத் தடுத்தால் கோடையில் ஒரு கூட்டையே தடுத்ததாகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. நம் சன்ஷேடுகளின் கீழ் மிகச் சாதாரணமாகக் கூடு கட்டும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற செம்பழுப்புக் குளவி ஆண்டு முழுவதும் கூடு கட்டும், ஆண்டு முழுவதும் முட்டையிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் இந்த ஓர் இனத்தையே ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தவற்றுள் ஒன்று, இந்தக் குளவியின் கூட்டை ஒரே ஒரு பெண் குளவியும் தொடங்கலாம், சில பெண்கள் சேர்ந்தும் தொடங்கலாம் என்பது. அதற்கென்று ஒரு பருவம் கிடையாது. பொய்க்கூட்டைக் கண்டு இவை ஒதுங்கிப்போகும் என்று நம்பவும் இடமில்லை. ஒரே சுவரில் இரண்டு மூன்று கூடுகள் அடுத்தடுத்து இருப்பதை நாமே பார்க்கிறோம். புதினா, கிராம்பு போன்ற எண்ணெய்களின் வாசனை சில குளவிகளைச் சற்று நேரம் விலக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் சுவரில் தெளித்த எண்ணெய் எவ்வளவு நேரம் நிற்கும்?

நம் வீடுகளுக்குப் பொருந்தும் முறை வேறு. வந்திருப்பது எந்தக் குளவி, கூடு எந்த நிலையில் இருக்கிறது, மனிதர் கையோ தலையோ படும் தூரத்தில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்ட பிறகுதான் கோலைக் கையில் எடுக்க வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. யாரையும் தேடிப்போய்க் கொட்டாத மண் குளவியின் கூட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். உயிரையே எடுக்கக்கூடிய கதண்டு என்ற பெரிய குளவியின் கூட்டுக்குக் கீழே தீப்பந்தத்தோடு போய் நிற்கிறோம்.

மண் குளவியிலிருந்து தொடங்கலாம். சுவர் மூலை, கதவிடுக்கு, சாமி படத்தின் பின்புறம், புத்தக அலமாரி என்று ஈர மண்ணைக் கொண்டுவந்து குழாய் குழாயாகவோ சிறு குடுவை வடிவிலோ பூசும். மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடுப்பு நூலாக மெலிந்திருக்கும். இதில் ஓர் இனத்தின் அறிவியல் பெயர் ஸ்செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 18-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் சென்னையின் பழைய பெயரால் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தக் குளவிக்கு ராணியும் இல்லை, படையும் இல்லை. ஒரு பெண் குளவி தனியாக மண் சுமந்து அறை கட்டுகிறது. சிலந்திகளைக் கொட்டி அசையவிடாமல் செய்து, உயிரோடு அந்த அறைக்குள் அடைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுப் போய்விடுகிறது. குடுவை கட்டும் இனங்கள் சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்களை அடைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு அந்த உணவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் சிறகோடு மண்ணைத் துளைத்து வெளியேறும்.

வேட்டுவன் குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குருவின் பார்வையால் சீடன் குருவாகவே மாறுவதற்கு இதைச் சமய நூல்கள் உவமையாக்கின. வடமொழி மரபில் இதற்குப் பிரமர கீட நியாயம் என்று பெயர். புழு உள்ளே போனதையும் சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்ததையும் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்னது அது. இடையில் இட்ட முட்டை மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. இந்தக் குளவி வீட்டில் கூடு கட்டினால் பிள்ளைப்பேறு உண்டாகும், நல்ல செய்தி வரும் என்ற நம்பிக்கையும் பல ஊர்களில் உண்டு. அந்த நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் இடிபடாமல் தப்பித்தன என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். மண் குளவி தன் கூட்டைக் காவல் காப்பதில்லை. கையில் பிடித்து அழுத்தினாலோ, சட்டைக்குள் சிக்கினாலோ ஒழிய அது கொட்டுவது அரிது.

ஆனாலும் அது எல்லா இடத்திலும் கட்டலாம் என்று விட்டுவிட முடியாது. பிளக் துளை, பூட்டின் சாவித் துளை, ஏசியின் நீர் வடியும் குழாய், நழுவு ஜன்னல் சட்டத்தில் மழைநீர் வெளியேறும் ஓட்டை, தண்ணீர்த் தொட்டியின் நிரம்பி வழியும் குழாய் ஆகியவற்றில் அது மண்ணை அடைத்தால் தொல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் விமானங்களின் வேகம் காட்டும் குழாய்க்குள் இத்தகைய குளவிகள் கூடு கட்டுவது பெரிய பாதுகாப்புச் சிக்கலாகவே ஆனது. அங்கே குழாய்களுக்கு உறை போட்டார்கள். நம் வீட்டிலும் வழி அதுதான். பயன்படாத துளைகளை அடைப்பது, பயன்படும் குழாய்களின் வாயில் நுண்ணிய கம்பி வலை கட்டுவது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: மண் குளவிக்கு ஈர மண் வேண்டும். தோட்டத்துக் குழாயடியில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகிச் சேறாகக் கிடந்தால் அதைவிட வசதியான இடம் அதற்கு இல்லை. குழாயின் வாஷரை மாற்றினால் மண் எடுக்கும் இடமே இல்லாமல் போகும். பழைய கூட்டில் வட்டமான துளை தெரிந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது என்று பொருள். அதன் பிறகு உலர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் சுவரில் கறையும் தங்காது.

அடுத்தது காகிதக் கூடு கட்டும் குளவி. முன்னே சொன்ன ரோபாலிடியா இந்த வகை. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போன மரக்கட்டை, வேலிச் சட்டம், மூங்கில் ஆகியவற்றிலிருந்து நாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று கூழாக்கி அறைகளைக் கட்டும். கூடு தாமரைக் காயைக் கவிழ்த்துத் தொங்கவிட்டாற்போல, அறைகள் வெளியே தெரிய, ஒரே ஒரு மெல்லிய காம்பில் நிற்கும். அந்தக் காம்பில் எறும்பை அண்டவிடாத ஒரு திரவத்தைக் குளவி தன் வயிற்றடியிலிருந்து எடுத்துத் தடவுகிறது. எறும்பு ஏறிவிட்டால் புழுக்கள் மிஞ்சா. மழை படாத, எறும்பு எளிதில் ஏற முடியாத, சற்று நிழலான இடம் அதற்குத் தேவை. சன்ஷேடின் அடிப்புறம், ஜன்னல் கம்பியின் மேல்மூலை, மின் மீட்டர்ப் பெட்டி, இரும்புக் கேட்டின் உள்ளீடற்ற குழாய், ஏசியின் வெளிப்பெட்டி, மாடியில் கவிழ்த்து வைத்த பழைய தொட்டி என்று நாம் கட்டும் வீட்டில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம்.

கூடு தொடங்கும்போது ஒரு குளவியோ இரண்டு மூன்று குளவிகளோதான் இருக்கும், அறைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. முதல் மகள் குளவிகள் சிறகு முளைத்து வெளிவரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கூட்டைக் காக்க அந்த ஒன்றிரண்டைத் தவிர ஆள் கிடையாது. குளவியை வீட்டிலிருந்து தள்ளி வைக்க நினைப்பவருக்கு உண்மையில் உதவுவது இந்த இடைவெளிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒட்டடைக் கோலோடு வீட்டைச் சுற்றி வந்து, சன்ஷேடின் அடியையும் ஜன்னல் மூலைகளையும் அண்ணாந்து பார்த்தால் போதும். கட்டைவிரல் அளவுக் கூட்டை அந்தியில் கோலால் தட்டிவிட்டு, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். அந்தக் குளவி அருகிலேயே மறுபடி தொடங்கப் பார்க்கும். இரண்டாம் முறையும் தட்டிவிட்டால் பெரும்பாலும் இடம் மாறிப் போகும். போகிக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும் வழக்கம் ஆண்டுக்கு ஒருமுறை இதே வேலையைத்தான் செய்தது. குளவி ஆண்டு முழுவதும் கட்டுகிறது என்பதால் நாமும் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூடு உள்ளங்கை அளவைத் தாண்டிவிட்டதா? அப்போது இடத்தைப் பாருங்கள். இரண்டாம் மாடிக்கு மேலே, யாரும் போகாத மூலையில் இருந்தால் விட்டுவிடுவதே என் பரிந்துரை. இந்தக் குளவிகள் கூட்டை நெருங்கி அசைத்தால்தான் பாயும். வாசல் நிலைக்கு மேலேயோ, துணி உலர்த்தும் கொடிக்கு அருகிலோ, குழந்தைகள் விளையாடும் இடத்திலோ இருந்தால் எடுத்தாக வேண்டும். பகலில் பாதிக் குளவிகள் இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வந்து நம்மைச் சூழும். இருட்டிய பிறகு எல்லாம் கூட்டில் ஒடுங்கியிருக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த கால்சட்டை, கையுறை, முகத்தை மூடும் வலை இவை இல்லாமல் போகக் கூடாது. துணி சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ தாராளமாகக் கரைத்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் குளவி செயலிழந்து விழும். பூச்சிகள் உடம்பின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளால் சுவாசிக்கின்றன, வெறும் தண்ணீர் அவற்றுக்குள் எளிதில் புகாது, சோப்பு கலந்தால் புகுந்துவிடும். கடையில் விற்கும் கரப்பான் மருந்தும் வேலை செய்யும். ஆனால் அந்தப் புகை எரியக்கூடியது, எனவே சமையலறை அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் அடிக்கவே கூடாது. மீன் தொட்டி இருந்தால் அதை மூடிவிட வேண்டும், பூனையையும் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு எந்த முறையையும் முயலாதீர்கள். குளவி முகத்துக்கு நேரே வந்தால் கை தானாக ஏணியை விட்டுவிடும். கொட்டினால் ஒரு நாள் வலி, விழுந்தால் எலும்பு முறியும்.

உணவையும் சொல்ல வேண்டும். மீன் கழுவிய இடம், திறந்து கிடக்கும் வெல்லம், அழுகிய மாம்பழம், மூடாத குப்பைத் தொட்டி எல்லாம் குளவியை இழுக்கும். கோடையில் தண்ணீரும் இழுக்கும். இவற்றை ஒதுக்கினால் வருகை குறையும், முழுவதும் நிற்காது.

முழுவதும் நிற்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு என்றே சொல்வேன். தோட்டத்தில் கத்தரி இலையையும் முருங்கை இலையையும் தின்னும் புழுக்களைக் காகிதக் குளவிகள் நாள்தோறும் வேட்டையாடிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகின்றன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் தமிழக உழவர்களுக்குச் செய்த உதவி இன்னும் பெரியது. 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி விரைவிலேயே பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியது. எந்த மருந்தும் சரியாகப் பலிக்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, அந்தப் பூச்சியையே ஒடுக்கியது. மண் குளவியும் காகிதக் குளவியும் அதே குலத்தைச் சேர்ந்தவை. ஒவ்வாத இடத்தில் கட்டிய கூட்டை அகற்றுவோம், கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் கொல்ல வேண்டியதில்லை.

இப்போது கதண்டு. இதற்கு மேலே சொன்ன எந்த முறையும் பொருந்தாது. செய்தித்தாள்கள் விஷ வண்டு என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். மற்றக் குளவிகளைவிடப் பருத்தது. கருமையான வயிற்றின் குறுக்கே அகன்ற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பட்டை இருக்கும். பனை, தென்னை, ஆலமரக் கிளை, சில நேரம் மாடி வீட்டின் சன்ஷேடு, பாழடைந்த கட்டடம் என்று கூடு வைக்கும். அதன் கூட்டில் அறைகள் வெளியே தெரியாது. பழுப்பும் சாம்பலுமாக வரிவரியான காகித உறை சுற்றிலும் மூடியிருக்க, போய்வர ஒரே ஒரு வாசல் மட்டும் இருக்கும். இரண்டடி நீளத்துக்கும் மேலே வளர்ந்த கூடுகளில் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதண்டுகள் இருக்கும். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைக் கதண்டு கொட்டிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. மட்டை விழுந்தாலோ, மரத்தில் யாராவது கல்லெறிந்தாலோ, அருகே துளையிடும் இயந்திரம் ஓடினாலோ அதிர்வு கூட்டை எட்டும், காவல் கதண்டுகள் கிளம்பிவிடும்.

கொட்டும்போது கதண்டின் நஞ்சோடு சேர்ந்து ஒரு வாசனையும் வெளிப்படுகிறது, அதுவே மற்றவற்றுக்கு அபாய அறிவிப்பு. கூட்டருகில் ஒன்றை அடித்து நசுக்கினாலும் அந்த வாசனை பரவும். தேனீயின் கொடுக்கு முள்ளுள்ளது, நம் தோலில் சிக்கி அறுந்துபோகும், தேனீயும் இறந்துவிடும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்காது, ஒன்றே பல முறை கொட்டும். புகை போட்டால் அடங்கும் என்ற எண்ணமும் தேனீயைப் பார்த்து வந்தது. புகை கண்ட தேனீ கூட்டில் சேர்த்த தேனை வயிறு நிறைய உறிஞ்சிக்கொண்டு மந்தமாகும். கதண்டுக் கூட்டில் அப்படி உறிஞ்சத் தேன் சேமிப்பு கிடையாது. தீப்பந்தத்தைக் கண்டால் ஒளியை நோக்கி, அதாவது அதைப் பிடித்திருக்கும் ஆளை நோக்கியே வரும். கூரை வீடுகள் பக்கத்தில் இருந்தால் தீ விபத்தும் சேர்ந்துகொள்ளும். எனவே கதண்டுக் கூடு என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கயிறோ பலகையோ வைத்து ஆள் நடமாட்டத்தைத் தடுத்துவிட்டு, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 என்ற எண்ணில் அழைப்பது. கூடு இருக்கும் இடம், உயரம், அருகில் மின்கம்பி இருக்கிறதா என்ற விவரங்களையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுக்குமாடிகளின் பால்கனியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தட்டையாக அகன்று தொங்குவது மலைத்தேனீயின் அடை. அது குளவியே இல்லை, ஆனால் கூட்டமாகத் தாக்கும் ஆபத்தில் கதண்டுக்குக் குறைந்ததில்லை. இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தேயிலை பறிக்கும் தொழிலாளர் குளவிக் கொட்டுக்கு ஆளானார்கள் என்று அடிக்கடி வரும் செய்திகளில் இந்தத் தேனீயின் பங்கும் பெரிது. கொழுந்து பறிக்கும் பெண்கள் முதுகில் கூடையோடு சரிவில் ஓடித் தப்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் நமக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியாவது உண்டு. தோட்ட நிர்வாகங்கள் நிழல்மரங்களில் உள்ள கூடுகளை வேலைக்கு முன்பே பார்த்து அகற்ற வேண்டியது அவர்களுக்குக் கடமை.

கூட்டம் துரத்தினால் கையை வீசாமல் முகத்தையும் வாயையும் மூடிக்கொண்டு நேராக ஓடி, ஒரு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவை மூட வேண்டும். குளத்தில் குதித்தால் மூச்சுக்குத் தலை தூக்கும்போது அங்கேயே காத்திருக்கும்.

கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கம் எங்கும் உண்டு. தேனீ நஞ்சு அமிலம், அதற்குச் சுண்ணாம்பு; குளவி நஞ்சு காரம், அதற்குப் புளி என்று பள்ளியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். நஞ்சின் வேலையைச் செய்பவை அதில் உள்ள புரதங்களும் நொதிகளும். அவை தோலுக்குள் ஆழத்தில் செலுத்தப்பட்டுவிட்டன, மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. கண்ணருகில் சுண்ணாம்பு பட்டால் புண்தான் மிஞ்சும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைப்பதும், வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுவதும் உதவும்.

ஒன்றிரண்டு கொட்டுகளால் பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும் மட்டுமே. ஆனால் ஒரே கொட்டிலும் சிலருக்கு ஒவ்வாமை உச்சத்துக்குப் போகும். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாந்தி இவற்றில் எது தொடங்கினாலும் நிமிடங்கள் முக்கியம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, மாத்திரையோ மஞ்சள் பற்றோ இல்லை. பல இடங்களில் கொட்டுப்பட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அதிக நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களையும் தசையையும் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர் கறுத்துப்போவதும் அளவு குறைவதும் அதன் அறிகுறி. வீடு திரும்பியவரிடம் அடுத்த சில நாள்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முன்பே ஒருமுறை கடும் ஒவ்வாமை வந்தவர் கூட்டைத் தேடும் வேலைக்கும் போகக் கூடாது. வீட்டில் வேறொருவர் அதைச் செய்யட்டும். ஒவ்வாமை வந்தவரோ அதற்கான மருத்துவரைப் பார்த்து, அவசர ஊசியைக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.